முழங்கால் நோவும் வன்னியின் சிறுநீரகமும்

கச்சான் செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்தெடுக்கும் வேலை நின்றபடி செய்யக்கூடியதல்ல. ஒட்டுசுட்டானிலோ விசுவமடுவிலோ கச்சான் தோட்டத்தில் கூலிக்கு இறங்கும் பெண், காலை முதல் மத்தியானம் வரை குந்தியபடியே அரக்கி அரக்கி நகர்கிறார். முழங்கால் முற்றாக மடிந்திருக்க, உடம்பின் பாரம் முழுவதும் மூட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் அழுந்துகிறது. எழும்பும்போது ஒரு கையை நிலத்திலும் மறு கையைத் தொடையிலும் ஊன்றியே எழும்புகிறார். ஐம்பதைத் தாண்டியவரானால் மாலையில் மூட்டு வீங்கும், இரவில் உளையும். மறுநாள் கூலியை இழக்க முடியாது. எனவே சந்தியிலுள்ள பாமசிக்கு ஆளனுப்பி நாலைந்து டைக்ளோபெனக் குளிசை வாங்குகிறார். வைத்தியரின் துண்டு எதுவும் கேட்கப்படுவதில்லை. இந்தக் குளிசைதான் இக்கட்டுரையின் விடயம். வன்னியில் முழங்கால் மூட்டழற்சிக்கான சிகிச்சையைச் சிறுநீரகத்தைக் கணக்கில் எடுக்காமல் திட்டமிடக் கூடாது என்பது என் வாதம். ஒட்சிசன் குறைவும் அழற்சியும் மூட்டில் என்ன செய்கின்றன என்பது பற்றிய கடந்த கால்நூற்றாண்டு ஆய்வுகள் அதற்கான காரணத்தைத் தெளிவாகவே தருகின்றன.

வண்டியின் பெயரிங் தேய்வதுபோல முழங்காலும் வயது போகப் போகத் தேய்கிறது, தேய்ந்ததற்கு மருந்தில்லை என்பதுதான் ஊரில் உள்ள விளக்கம். வெளிநோயாளர் பிரிவில் நிமிடக் கணக்கில் ஆட்களைப் பார்த்து அனுப்ப வேண்டிய வைத்தியரும் பல நேரம் இதையே சொல்லிவிடுகிறார். இது நோயின் பாதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் 528 மில்லியன் பேர் இவ்வகை மூட்டழற்சியுடன் வாழ்ந்தார்கள். 1990ஐ விட இது 113 சதவீதம் அதிகம். அவர்களில் 60 சதவீதமானோர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். வெறும் உராய்வுதான் காரணம் என்றால், உடம்பின் பாரத்தைத் தாங்காத கைவிரல் மூட்டுகளில் இந்நோய் இவ்வளவு பரவலாக ஏன் வருகிறது? எக்ஸ்ரே படத்தில் ஒரே அளவு கெட்டுப்போன இருவரில் ஒருவர் சைக்கிள் மிதித்துச் சந்தைக்குப் போய்வர, மற்றவர் கட்டிலை விட்டு எழும்பவே சிரமப்படுவது ஏன்? மூட்டின் உட்சவ்வில் ஏற்படும் அழற்சியைச் சேர்த்துப் பார்த்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கிறது. என்பின் முனையை மூடியிருக்கும் கசியிழையம் சும்மா தேய்ந்து போவதில்லை. அதைக் கட்டிக் காத்த கலங்களே, அழற்சிச் சுரப்புகளின் ஏவலில், அதை அரிக்கும் நொதியங்களையும் சுரக்கத் தொடங்குகின்றன.

அந்தக் கலங்கள் வாழும் சூழல் விசித்திரமானது. கசியிழையத்துக்குக் குருதிக்கலன் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுநீரிலிருந்து மெல்லப் பரவி வரும் உணவையும் ஒட்சிசனையும் கொண்டே கலங்கள் சீவிக்கின்றன. நாம் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் 21 சதவீதம். கசியிழையத்தின் மேற்பரப்பில் அது 10 சதவீதத்துக்கும் குறைவு. என்பை ஒட்டிய ஆழத்தில் 1 அல்லது 2 சதவீதம் வரை இறங்குவதாக மதிப்பிடப்படுகிறது. வேறு இழையங்கள் திணறிப்போகும் இந்த அளவில் கசியிழையக் கலம் ஆயுள் முழுவதும் வேலை செய்கிறது. எப்படி என்பதற்கான விடையின் பெரும்பகுதி கிரெக் செமென்சா, பீட்டர் ரட்கிளிப், வில்லியம் கெலின் ஆகியோருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றுக்கொடுத்த ஆய்வுகளில் இருக்கிறது. எச்.ஐ.எப். எனப்படும் புரதங்கள் ஒட்சிசன் போதுமான அளவு இருக்கும்போது உடனுக்குடன் அழிக்கப்படுகின்றன; ஒட்சிசன் குறைந்ததும் அழியாமல் நின்று, அந்த நிலைக்கு வேண்டிய பரம்பரையலகுகளை இயக்குகின்றன. இவற்றில் எச்.ஐ.எப்.-1 கசியிழையத்துக்கு உயிர்நாடி. அது இல்லாதபடி செய்யப்பட்ட எலிகளின் வளரும் என்புகளில், கசியிழையத்தின் நடுப்பகுதிக் கலங்கள் செத்துப்போனதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வுகூடங்களில் கசியிழையம் வளர்ப்பவர்களும் நல்ல விளைச்சலுக்காக ஒட்சிசனைக் குறைத்தே வைக்கிறார்கள். ஆகவே ஒட்சிசன் குறைவு மூட்டின் நோயல்ல, அதன் இயல்பு.

நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 2010இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரே காலத்தில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று தென்கொரியாவிலிருந்தும் மற்றது ஜப்பானிலிருந்தும், ஒரு துப்புத் தந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்.ஐ.எப்.-2, நோயுற்ற கசியிழையத்தில் பெருகிக் கிடக்கிறது. கசியிழையத்தை அரிக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளை அது நேரடியாகவே முடுக்கிவிடுகிறது. அதன் அளவு பாதியாக்கப்பட்ட எலிகளுக்கு மூட்டுச் சிதைவு குறைவாகவே வந்தது. எச்.ஐ.எப்.-2 பெருகுவதற்குக் குறைந்த ஒட்சிசன் மட்டும் காரணமல்ல. இன்டர்லியூக்கின்-1 போன்ற அழற்சிச் சுரப்புகளும் அதன் உற்பத்தியைக் கூட்டுகின்றன. இதற்கு எதிரான சான்றும் உண்டு. 2007இல் லண்டனில் மனிதக் கலங்களைக் கொண்டு நடந்த ஆய்வு, அதே எச்.ஐ.எப்.-2 கசியிழையத்தைக் கட்டுவதற்கும் வேண்டியது என்றது. எலி வேறு, மனிதர் வேறு என்று சொல்லி இம்முரண்பாட்டைக் கடந்துவிடலாம். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னொரு வாசிப்பே பொருந்துவதாக எனக்குப் படுகிறது: அமைதியான மூட்டில் குறைந்த ஒட்சிசன் கலத்துக்குக் கட்டும் வேலையைக் கொடுக்கிறது, அழற்சி புகுந்த மூட்டில் அதே குறைந்த ஒட்சிசன் அரிக்கும் வேலைக்குத் துணைபோகிறது. அதன்பின் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தடித்த உட்சவ்வு தன் பங்குக்கு ஒட்சிசனை உறிஞ்சுகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் சவ்வின் சிறு குருதிக்கலன்களை நெரிக்கிறது. ஒட்சிசன் வழமையான அளவுக்கும் கீழே போகிறது. அந்தக் குறைவு புதிய குருதிக்கலன்களை அழைக்கிறது. என்பிலிருந்து கசியிழையத்துக்குள் ஏறும் அக்கலன்களோடு நரம்பும் சேர்ந்து ஏறுகிறது. நரம்பே இல்லாத இழையம் நோகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு வழி.

இதைக் கேட்டவுடன், மூட்டுக்கு ஒட்சிசன் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். மூட்டுக்குள் ஓசோன் ஊசி ஏற்றும் இடங்கள் இந்தியாவில் உண்டு. காசு செலவழித்துப் போய்வருவோரும் உண்டு. மேலே சொன்ன உயிரியலின்படி அது திசை மாறிய யோசனை. குறைந்த ஒட்சிசனில் வாழப் பழகிய கலத்துக்கு வேண்டியது கூடுதல் ஒட்சிசன் அல்ல, அழற்சியிலிருந்து விடுதலை. அப்படியானால் அழற்சியை மருந்தால் தடுத்தால் போதுமா? அதுவும் எளிதாக அமையவில்லை. இன்டர்லியூக்கின்-1ஐ மறிக்கும் லுட்டிகிசுமாப் முழங்கால் நோயாளிகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று 2019இல் தெரியவந்தது. ஆனால் மாரடைப்பு வந்த 10,000க்கும் அதிகமானோரில், இருதயத்துக்காகப் பரீட்சிக்கப்பட்ட, இன்டர்லியூக்கின்-1ஐயே மறிக்கும் கனகினுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களுக்கு, இடுப்பு, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்படுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. 2020இல் வெளியான இந்தக் கணிப்பு, பரீட்சார்த்தத்தின் முதன்மைக் கேள்விக்கு வெளியே கிடைத்த ஒன்று. உயிராபத்தான தொற்றுகளையும் அம்மருந்து கூட்டியது. இருந்தாலும், மூட்டு முற்றாகக் கெட்டபின் அழற்சியைத் தேடிப் போவதைவிட நீண்ட காலம் முன்கூட்டியே அதைத் தணித்து வைத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு என்பதை இது காட்டுகிறது. மூட்டுக்குள் திரும்பத் திரும்ப ஸ்டெரொயிட் ஊசி போடுவதைத் தணித்து வைத்திருத்தல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என இரண்டு ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் கசியிழையம் கூடுதலாகக் குறைந்தது, நோவிலோ வித்தியாசமில்லை என்று 2017இல் அமெரிக்காவில் கண்டார்கள்.

எச்.ஐ.எப்.-2ஐயே மறிக்கும் குளிசையும் இப்போது இருக்கிறது. பெல்சுட்டிபான் என்ற அம்மருந்துக்கு ஒருவகைப் பரம்பரைப் புற்றுநோய்க் கட்டிகளுக்காக 2021இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதையே முழங்காலுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஆய்வாளர்கள் நினைப்பது இயல்பு. வன்னியிலிருந்து பார்ப்பவர் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். குருதிச் செங்கலங்களைப் பெருக்கும் எரித்திரோபொயற்றின் என்ற ஓமோனைச் சிறுநீரகம் சுரப்பது எச்.ஐ.எப்.-2இன் கட்டளைப்படிதான். அதை உடல் முழுவதும் மறித்தால் குருதிச்சோகை வரும். பெல்சுட்டிபானின் பரவலான பக்கவிளைவும் அதுவே. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த ஓமோன் ஏற்கெனவே போதாது. எனவே இவ்வழியில் நாளை எந்த மருந்து வந்தாலும், அது மூட்டுக்குள் மட்டும் நின்று வேலை செய்யும் வடிவில் வந்தாலொழிய இந்தப் பிரதேசத்துக்கு உதவாது.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். காரணம் இன்னதென்று ஒருமித்து நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டது. அது அனுராதபுரத்தோடும் பொலன்னறுவையோடும் நிற்கவில்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளும் அதன் வரைபடத்தில் இருக்கின்றன. கடும் வெயிலில் நீரிழப்பு, கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள் எனப் பல சந்தேகங்கள் உண்டு. நோயாளிகளில் பெரும்பாலானோர் வயலில் வேலை செய்பவர்கள், அதாவது முழங்கால் நோவும் அதே ஆட்களுக்குத்தான். சிறுநீரகத்தின் உட்பகுதியும் கசியிழையத்தைப்போலக் குறைந்த ஒட்சிசனில் இயங்குவது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கசியிழையக் கலம் சிக்கனமாக வாழ்வது, சிறுநீரகத்தின் உட்பகுதியோ உப்பை மீட்டெடுக்க ஓயாமல் உழைப்பது. வரும் குருதி சற்றுக் குறைந்தாலும் அங்கே பழுது தொடங்கிவிடும். உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் அந்தக் குருதியோட்டத்தைத் தாங்கிப்பிடிப்பவை புரஸ்டகிளாண்டின்கள். டைக்ளோபெனக், இபுபுரொபென் போன்ற குளிசைகள் தடுப்பது அவற்றைத்தான். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடியாமல், மாலையில் நோவுக்குக் குளிசை போடுபவரின் முழங்காலில் அழற்சி தணிகிறது. சிறுநீரகத்தின் உட்புறத்தில் ஒட்சிசன் இன்னும் குறைகிறது. பிரஷர் கிளினிக்கில் கொடுக்கப்படும் எனலபிரில் அல்லது லொசார்ட்டானும், சிறுநீர் போக்கும் குளிசையும் இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கிளினிக் கொப்பியில் பிரஷர் மருந்து எழுதப்பட்டிருக்கிறது. பாமசியில் வாங்கிய டைக்ளோபெனக் எந்தக் கொப்பியிலும் இல்லை.

இந்தச் சிறுநீரக நோயை நோவுக் குளிசைதான் கொண்டுவந்தது என்று யாரும் நிறுவவில்லையே என்ற மறுப்பு நியாயமானது. நானும் அப்படிச் சொல்லவில்லை. முதல் அடி எங்கிருந்து விழுந்தது என்று விஞ்ஞானிகள் வாதிட்டு முடிக்கும்வரை, இரண்டாவது அடியை நாமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு, குளிசையில்லாமல் அந்தப் பெண் எப்படி வேலைக்குப் போவார் என்பது. நோவைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது எழுதுபவருக்கு இலகு, குந்தியிருப்பவருக்கு இல்லை. ஆனால் குளிசைக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முழங்கால், தோலுக்கு மிக அண்மையிலுள்ள மூட்டு. அதன்மேல் பூசும் டைக்ளோபெனக் ஜெல், நோவைக் குறைப்பதில் குளிசைக்கு ஏறக்குறைய நிகராக நிற்கிறது. குருதிக்குள் போவதோ குளிசையால் போவதில் கிட்டத்தட்ட 6 சதவீதம். பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்காலுக்கு முதலில் கொடுக்க வேண்டியது பூசும் மருந்தே என்கிறது. பனடோலை வழமையாகக் கொடுக்க வேண்டாம், குளுக்கோசமைன் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்கிறது. முதலில் பூச்சுக் கேட்பது நம்மவருக்குப் புதிதுமல்ல. சித்தாலேப டப்பா இல்லாத வீடு வன்னியில் அரிது. ஜெல் ஒரு குழாய் குளிசை அட்டையைவிட விலை கூடியது என்பதுதான் உண்மையான தடை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதைக் கண்ட அரச வைத்தியசாலைகளிடம் இன்னொரு மருந்தையும் இலவசமாகக் கொடுங்கள் என்பது பெரிய கேட்பு. ஆனாலும் ஒரு சிறுநீரக நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் குருதி சுத்திகரிப்பதற்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உடற்பயிற்சி என்றதும் எழும் சிரிப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வயலில் முறிகிறவருக்கு இனி என்ன பயிற்சி என்று கேட்பார்கள். வேலையும் பயிற்சியும் மூட்டுக்கு ஒன்றல்ல. மாறி மாறி அழுத்தி விடுவிக்கும் அசைவு மூட்டுநீரைக் கசியிழையத்துக்குள் போய்வரச் செய்கிறது. மணிக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருக்கும் குந்தல் அந்தப் போக்குவரத்தை மறிக்கிறது. இளம் வயதில் நெடுநேரம் குந்திப் பழகியவர்களுக்கு முழங்கால் நோய் கூடுதலாக இருந்ததைப் பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. குந்தி வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசையைப் படிப்படியாகப் பலப்படுத்துவதுமில்லை. கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்குவதும், கைபிடிக்காமல் எழும்பி இருப்பதும் பலப்படுத்தும். கோபன்ஹேகனில் முழங்கால் நோயுள்ள பெண்களுக்கு இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்து மூட்டுக்குள்ளிருந்த நீரைப் பரிசோதித்தபோது, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லியூக்கின்-10 கூடியிருந்ததை 2010இல் கண்டார்கள். அமெரிக்காவில் 454 பேரை 18 மாதங்கள் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நோவும் குறைந்தது, குருதியில் அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6உம் குறைந்தது. அந்த ஆட்கள் உடல் பருத்தவர்கள். வயலில் காய்ந்து மெலிந்தவருக்கு நிறை குறைக்கும் அறிவுரை பொருந்தாது, பயிற்சி மட்டும் பொருந்தும். செமாகுளூட்டைட் ஊசி முழங்கால் நோவைக் குறைத்தது என்ற 2024ஆம் ஆண்டுச் செய்தியும் பருத்தவர்களைப் பற்றியதுதான். ஒவ்வொரு கிளினிக்கிலும் கிடைக்கும் மலிவான நீரிழிவுக் குளிசையான மெற்போமின், உடல் பருத்த 107 முழங்கால் நோயாளிகளில் நோவைக் குறைத்ததாக 2025இல் மெல்பேர்ணிலிருந்து வந்த முடிவு கவனிக்கத்தக்கது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெற்போமினின் அளவைக் குறைக்க வேண்டும், நன்றாகத் தளர்ந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வன்னியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் குருதியில் எவ்வளவு என்பதே.

வயதானவர்களைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிட முடியாத காரணம் ஒன்று இந்த மண்ணுக்கு உண்டு. முழங்காலின் சிலுவை நாரோ சவ்வுத்தட்டோ கிழிந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டழற்சி வந்துவிடுகிறது. காயப்பட்ட நேரத்தில் மூட்டுக்குள் பொங்கும் அழற்சி, காயம் ஆறியபின்னும் முற்றாக அடங்குவதில்லை. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது 2009 மே மாதத்தில். ஷெல் துண்டு பாய்ந்த முழங்கால்களும், உடைந்து கோணலாகப் பொருந்திய கால்களும் இப்போது அந்தக் கணக்கின் நடுவில் நிற்கின்றன. ஒரு காலை இழந்தவரின் பாரம் மற்றக் காலில் ஏறுகிறது. காலிழந்த அமெரிக்கப் போர்வீரர்களை ஆராய்ந்தவர்கள், மிஞ்சிய காலின் முழங்காலில் நோவும் மூட்டழற்சியும் கூடுதலாக இருப்பதை 2005இலேயே எழுதிவிட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள், பலர் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறார்கள். அவர்கள் ஐம்பதை எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், அதற்குள் இருபது ஆண்டு டைக்ளோபெனக் உள்ளே போயிருக்கும்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை புதிய கட்டடம் கேட்பவையல்ல. 2011 முதல் நாடெங்கும் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள். முழங்கால் நோவுக்கு என்ன குளிசை, வாரத்துக்கு எத்தனை என்ற கேள்வியையும், வயலில் வேலை செய்பவருக்கு ஒரு கிரியட்டினின் பரிசோதனையையும் அங்கேயே சேர்க்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கு மட்டும் பிசியோதெரபி என்றிருந்தால், துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு எவரும் தொடர்ந்து வரமாட்டார்கள். மாதத்தில் இரண்டு நாள் பிரதேச வைத்தியசாலைகளுக்குப் போய்க் குழுவாகப் பயிற்சி கற்பிக்கும் ஒழுங்கு வேண்டும். கச்சான் ஆய்வதற்கு நாலு அங்குல உயரப் பலகைக்கட்டையும், வயோதிபர் உள்ள வீட்டின் மலசலகூடத்தில் கொமேட்டும் சின்ன விடயங்கள்தான். ஆனால் முழங்கால் முழுதாக மடிவதை நாளுக்குப் பல தடவை தவிர்ப்பவை. பாமசிகளைச் சட்டத்தால் மட்டும் கட்டுப்படுத்த முடியும் என்று நான் நம்பவில்லை. குளிசை கேட்டு வருபவரிடம் அதே விலைக்கு ஒரு ஜெல் குழாயை நீட்ட முடிந்தால் பாமசிக்காரரும் நீட்டுவார். எனவே மானியம் போக வேண்டிய இடம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. பூசும் மருந்தும் பயிற்சியும் ஒரு பக்கம், வழமையான குளிசை மறுபக்கம் என்று வைத்து, முழங்கால் நோவையும் சிறுநீரக அளவுகளையும் ஒருசேரப் பார்க்கும் பரீட்சார்த்தத்துக்கு வன்னியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அதற்குள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிடலாம். சிறுநீரக நோயாளிகளின் குருதிச்சோகைக்காகச் சீனா 2018இல் அனுமதித்த ரொக்ஸடுஸ்டாட் போன்ற குளிசைகள், எச்.ஐ.எப். புரதங்களை அழியாமல் காத்தே வேலை செய்கின்றன, எச்.ஐ.எப்.-1ஐயும் 2ஐயும் அவை சேர்த்தே உயர்த்துகின்றன. அவை இங்கே பரவலாகப் புழக்கத்துக்கு வரும்போது, அவற்றை விழுங்குவோரில் பலர் அழற்சி பிடித்த முழங்காலோடு கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களாக இருப்பார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது என்று எழுதும் அதே கொப்பியில், முழங்கால் வீக்கம் கூடியதா குறைந்ததா என்றும் முதல் நாளிலிருந்தே எழுதிவர வேண்டும்.